செகண்டுக்கு ஐம்பது!

மிக்ஸியையோ டேபிள் ஃபேனையோ கவுத்துப் பாருங்க. அடியில ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்'.

இதுல 230 நம்ம எல்லாருக்கும் பழக்கமான பார்ட்டி. அது குறைஞ்சா ட்யூப்லைட் கண்ணடிக்கும், ஃபேன் சோம்பேறியாகும், வீட்டுல ஸ்டெபிலைஸர் வாங்கச் சொல்லி சண்டை நடக்கும். ஆனா பக்கத்துலயே அமைதியா உட்கார்ந்திருக்கே அந்த 50... அதை யாராவது கண்டுக்கறோமா? இ.இ.இ. படிக்கிற நாங்களே 'எஃப் ஈக்வல் டு 50'னு எழுதிட்டு, அடுத்த லைனுக்கு ஓடிடுவோம்.

இந்த செமஸ்டர் மினி புராஜெக்ட்டுக்கு நான் எடுத்துக்கிட்ட ஹீரோ அந்த 50-தான். பிளக் பாயின்ட்டுல வர்ற கரன்ட் செகண்டுக்கு நிஜமாவே 50 தடவை அலையடிக்குதா, இல்ல 49.97 தடவையா? அதை செகண்டுக்கு செகண்ட் அளந்து, லாக் பண்ணி வைக்கறது. 'இதுல என்னடா இருக்கு?'னு கிளாஸ்ல கேட்டாங்க. என்ன இல்லைனு கேளுங்க! அரிசி மில் மோட்டார்லேருந்து டெல்லி கன்ட்ரோல் ரூம் வரைக்கும், ஸ்ரீலங்கா குரங்குலேருந்து லண்டன் போலீஸ் வரைக்கும் எல்லாரும் இந்தக் கதையில இருக்காங்க.

அளந்த இடம், எங்க ஊர். கள்ளக்குறிச்சி கருணாபுரம். 2024 ஜூன்ல கள்ளச்சாராயம் அறுபது உயிர்களுக்கும் மேல கொண்டுபோனதுலேருந்து, ஊர்ப் பேரைச் சொன்னாலே எதிர்ல இருக்கறவங்க முகம் மாறிடுது. அது மறக்கக்கூடாத விஷயம்தான். ஆனா எங்க ஊரைப் பத்திச் சொல்ல வேற விஷயமும் இருக்கு. இந்த வாரம் அது!

வெள்ளிமலை போகிற பஸ்

முதல்ல ஒரு அடிப்படை. கரன்ட்டை மூட்டை கட்டி குடோன்ல அடுக்கி வைக்க முடியாது. பேட்டரி, பம்ப் ஸ்டோரேஜ்னு கொஞ்சம் சேமிக்கலாம், அவ்வளவுதான். மத்தபடி நீங்க சுவிட்ச் போடற அந்த நொடியிலயே எங்கேயோ ஒரு ஜெனரேட்டர் அதை உற்பத்தி பண்ணியாகணும். அந்த ஜெனரேட்டர்கள்ல முக்கால்வாசி, ராட்சஸத்தனமா சுத்துற இரும்பு. நெய்வேலி மாதிரி ஒரு அனல் மின்நிலையத்துல டர்பைன் நிமிஷத்துக்கு 3,000 சுத்து சுத்தும். 3,000-ஐ அறுபதால வகுங்க. ஐம்பது! அந்த ஸ்டிக்கர்ல இருக்கற 50 வேற எங்கேயிருந்தும் வரலை. அந்த டர்பைனோட வேகம்தான் அது.

இப்ப கச்சிராயபாளையத்துலேருந்து வெள்ளிமலைக்கு ஏர்ற பஸ்ஸைக் கற்பனை பண்ணுங்க. கல்வராயன் மலை ஏத்தம் ஆரம்பிச்சதும் பஸ் வேகம் லேசா குறையும். டிரைவர் அண்ணன் உடனே ஆக்சிலேட்டரை மிதிப்பார். வேகம் திரும்ப வரும். இறக்கத்துல காலை எடுப்பார். கிரிட்டும் அதே கதைதான். ஊரே ஒரே நேரத்துல மோட்டார் போட்டா, அது ஏத்தம். எல்லா டர்பைனும் ஒரு துளி வேகம் குறையும், 50 கீழே இறங்கும். தேவையை மீறி உற்பத்தி இருந்தா, அது இறக்கம். 50 மேலே ஏறும். 'கவர்னர்'னு ஒரு கருவி ஒவ்வொரு டர்பைன்லயும் டிரைவர் வேலை பார்க்குது.

ஆக, 50-க்கு மேலயா கீழயாங்கற அந்த ஒரே நம்பர், நாடு முழுக்க 'இந்த நொடி கரன்ட் மிச்சமா, பற்றாக்குறையா?'னு சொல்லிடும். சுவத்துல இருக்கற பிளக் பாயின்ட்டுக்குள்ள இந்தியாவோட நாடி ஓடிட்டு இருக்கு. பிடிச்சுப் பார்க்கத் தெரியணும், அவ்வளவுதான்!

எண்றது அவ்வளவு ஈஸி இல்லை!

ஒரு செகண்ட்ல எத்தனை அலை வருதுனு எண்ணினா போச்சுனு நினைப்பீங்க. அப்படி எண்ணினா 50, 50, 50, எப்பயாவது 49-னுதான் வரும். நமக்கு வேணும்கறது புள்ளிக்கு அப்புறம் இருக்கற ரெண்டு இலக்கம்.

அதனால தலைகீழா யோசிக்கணும். 'ஒரு செகண்ட்ல எத்தனை அலை'னு கேக்காம, '50 அலைக்கு எத்தனை நேரம் ஆகுது'னு கேக்கணும். சரியா 50 ஹெர்ட்ஸ்னா 1,000 மில்லிசெகண்ட். 49.95-னா 1,001 மில்லிசெகண்ட். வித்தியாசம் ஒரே ஒரு மில்லிசெகண்ட். மைக்ரோகன்ட்ரோலர் மைக்ரோசெகண்ட் கணக்குல நேரம் பார்க்கும்கறதால இதை ஈஸியா பிடிச்சிடும்.

ஆனா இங்கேதான் ஒரு ட்விஸ்ட். அளக்கற கடிகாரம் யோக்கியமா இருக்கணுமே! எல்லா லேப்லயும் கிடக்கற ஆர்டுயினோ ஊனோ போர்டுல நேரம் காட்டுறது ஒரு செராமிக் ரெசனேட்டர். அதுல 0.5 சதவிகிதம் வரைக்கும் பிசகு சகஜம். 50-ல 0.5 சதவிகிதம்னா 0.25 ஹெர்ட்ஸ். ஆனா இந்திய கிரிட்டுக்கு விதிச்சிருக்கற எல்லையே 49.90-லேருந்து 50.05 வரைக்கும்தான். மொத்த மைதானமே 0.15 ஹெர்ட்ஸ், நம்ம ஸ்கேல்ல தப்பு 0.25! இன்ச் டேப்பால தலைமுடி தடிமனை அளக்கற கதை.

தீர்வு? டி.எஸ். 3231-னு ஒரு ரியல் டைம் கிளாக் சிப். பத்து லட்சத்துல ரெண்டு பங்குதான் பிசகும். 50 ஹெர்ட்ஸ்ல அது 0.0001. இன்னும் சுத்தமா வேணும்னா ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல். வானத்துல சுத்துற அணுக் கடிகாரங்களோட நேரத்தை வெச்சு செகண்டுக்கு ஒரு துடிப்பு அனுப்பும். மொட்டை மாடியில ஆன்டெனா, கீழே மேஜையில லாகர். அணுக் கடிகாரத்தை வெச்சு அரிசி மில் கரன்ட்டை அளக்கறோம் பாஸ்!

அடுத்த தலைவலி சத்தம். பக்கத்துல யாராவது மிக்ஸி போட்டா, அலைமேல குட்டிக் குட்டி முள்ளா முளைக்கும். லாகர் அதையும் அலைனு எண்ணிடும். அதுக்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வெச்ச ஃபில்டர். கூடவே புரோகிராம்ல ஒரு கட்டளை: ஒரு அலைக்கு 20 மில்லிசெகண்ட் ஆகணும், 18-க்கும் குறைவா எது வந்தாலும் நம்பாதே. மொத்த செட்டப்பும் பவர் பேங்க்ல ஓடுது. ஏன்னா கரன்ட் போற அந்தக் கடைசி நொடிதான் ரொம்ப சுவாரசியமான நொடி.

கிராஃப் சொன்ன கதை

முதல் வாரத்து கிராஃபைப் பார்த்தா ஏதோ ஈ.சி.ஜி. மாதிரி இருந்துச்சு. நேர்க்கோடே கிடையாது. பெரும்பாலும் 49.9-க்கும் 50.05-க்கும் நடுவுல மேலயும் கீழயும் ஆடிட்டே இருக்கு. உத்துப் பார்த்தா அதுலயும் ஒரு ஒழுங்கு தெரியுது. கால் மணி நேரம் மாறுற இடத்துல சில சமயம் சட்டுனு ஒரு படிக்கட்டு. காரணம் இருக்கு. மின்சார வர்த்தகத்துல ஒரு நாளை 15 நிமிஷத் துண்டுகளா, 96 துண்டா வெட்டி வெச்சிருக்காங்க. எந்த மின்நிலையம் எவ்வளவு தரணும்கற அட்டவணை ஒவ்வொரு துண்டுக்கும் மாறும். பீரியட் பெல் அடிச்சதும் காரிடார்ல தள்ளுமுள்ளு வருமே... அது மாதிரி!

இன்னொரு விஷயம். நாகர்கோவில்காரனான என் ரூம்மேட்டும் இதே செட்டப்பை அவங்க வீட்டுல வெச்சான். ரெண்டு கிராஃபையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சா, ஒரே கோடு! அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல நானூறு கிலோமீட்டருக்கு மேல. ஆனா 49.93-னா ரெண்டு இடத்துலயும் 49.93. பெரிய அதிர்ச்சி வந்த முதல் சில செகண்டுகளை விட்டுட்டா, கன்னியாகுமரிலேருந்து காஷ்மீர் வரைக்கும் இப்படித்தான். ஏன்னா 2013 டிசம்பர் 31 அன்னிக்கு, ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் மூலமா தென்னிந்திய கிரிட், மத்த கிரிட்களோட கைகோத்துடுச்சு. அன்னிலேருந்து 'ஒரே நாடு, ஒரே கிரிட், ஒரே ஃப்ரீக்வன்ஸி'.

48.5 காலம்

இப்ப 49.85 வந்தாலே கன்ட்ரோல் ரூம்ல புருவம் உயருது. ஆனா 2003-க்கு முன்னாடி நம்ம தென்னிந்திய கிரிட் 48.5-க்குக் கீழே போறதெல்லாம் சர்வசாதாரணம். சீனியர் புரொஃபசர்களைக் கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க. கரன்ட் அலையை எண்ணி ஓடற பழைய மின்சாரக் கடிகாரம் நாள் முழுக்க 48.5-லயே ஓடினா 43 நிமிஷம் லேட்டாகும். 1,500 சுத்து வேகத்துக்கான மோட்டார் 1,455-ஐ நோக்கி இறங்கும். வீட்டுல இருக்கற பொருளாவது பரவாயில்லை, டர்பைனோட கடைசி வரிசை பிளேடுகள் இந்த வேகத்துல அதிர ஆரம்பிச்சு விரிசல் விடுற ஆபத்து உண்டு.

இதை மாத்தினது புது மெஷின் இல்லை, ஒரு விலைப்பட்டியல்! 'அவெய்லபிலிட்டி பேஸ்டு டாரிஃப்', சுருக்கமா ஏ.பி.டி. தென்னிந்தியாவுல 2003 ஜனவரி 1 அன்னிக்கு அமலுக்கு வந்துச்சு. ஐடியா ரொம்ப சிம்பிள். ஒரு மாநிலம் தன் அட்டவணையை மீறி கரன்ட் இழுத்தா, அந்த நேரத்து ஃப்ரீக்வன்ஸியைப் பொறுத்து காசு. 50.5 இருந்தா இலவசம், ஏன்னா நாட்டுல மிச்சம் இருக்கு. 49.02-க்குக் கீழே போயிருந்தா, ஆரம்பத்துல யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. நாடே தவிக்கிற நேரத்துல இழுத்தா பர்ஸ் பழுத்துடும். ஃப்ரீக்வன்ஸி மீட்டரே விலைப் பலகை ஆயிடுச்சு. அப்புறம் அந்த எல்லையைப் படிப்படியா இறுக்கிக்கிட்டே வந்து, இப்ப இந்த 0.15 ஹெர்ட்ஸ் மைதானத்துல நிக்கறோம்.

ஒரு எச்சரிக்கை. கிராஃப் நேரா இருந்தா எல்லாரும் சௌக்கியம்னு அர்த்தம் இல்லை. 2012-ல தமிழ்நாட்டுல மின்வெட்டு உச்சத்துல இருந்துச்சு. அப்ப நான் ரெண்டாங்கிளாஸ். சென்னையில ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கட். மத்த மாவட்டங்கள்ல பத்து மணி நேரத்துக்கும் மேல. கிரிட்டைத் தாங்கிப் பிடிக்க ரெண்டே வழிதான்: உற்பத்தியைக் கூட்டு, இல்லைனா யாரையாவது கழட்டிவிடு. யாரைக் கழட்டிவிட்டாங்கன்னு ஃப்ரீக்வன்ஸி கிராஃப்ல தெரியாது. கழட்டிவிட்ட வீட்டு டைரியிலதான் தெரியும்.

அதே வருஷம் ஜூலை 30-லயும் 31-லயும் வட இந்தியா இருண்டுச்சு. ரெண்டாவது நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குனு மூணு கிரிட் சரிஞ்சு, அறுபது கோடிக்கும் அதிகமான மக்கள் வாழற பகுதி ஸ்தம்பிச்சது. தென்னிந்தியா தப்பிச்சுது. காரணம், அப்ப நாம அவங்களோட டி.சி. இணைப்பு வழியா மட்டும்தான் சேர்ந்திருந்தோம். டி.சி. வழியா கரன்ட் போகும், ஃப்ரீக்வன்ஸி தொத்தாது.

அந்த ஒன்பது நிமிஷம்

2020 ஏப்ரல் 5, ராத்திரி 9 மணி. லாக்டவுன் நேரத்துல நாடு முழுக்க ஒன்பது நிமிஷம் லைட்டை அணைச்சு விளக்கு ஏத்தினோமே... அன்னிக்கு நாம மொட்டை மாடியில நின்னப்போ, கன்ட்ரோல் ரூம்ல இருந்தவங்களுக்கு வயித்துல புளி கரைஞ்சிருக்கும். 12 ஆயிரம், 14 ஆயிரம் மெகாவாட் குறையும்னு கணக்குப் போட்டாங்க. இறங்கினது 31 ஆயிரம் மெகாவாட்! மலையேறிட்டு இருந்த பஸ் திடீர்னு பள்ளத்துல பாயற மாதிரி. அணை மின்நிலையங்களைச் சட்டுனு குறைச்சு, உடனே ஏத்தி, ஃப்ரீக்வன்ஸியை 49.70-க்கும் 50.26-க்கும் நடுவுலயே பிடிச்சு வெச்சுட்டாங்க. விதிச்ச எல்லையைத் தாண்டிச்சு, ஆனா எங்கேயும் கிரிட் சரியலை. நாட்டோட கைதட்டல் அந்த இன்ஜினீயர்களுக்கும் சேர வேண்டியது.

பஸ் கனமா இருந்தா குழியில விழுந்தாலும் வேகம் மெதுவாத்தான் குறையும். லேசான வண்டி? 2025 பிப்ரவரி 9, ஞாயித்துக்கிழமை காலை. ஸ்ரீலங்காவுல பாணந்துறை துணைமின் நிலையத்துல ஒரு குரங்கு புகுந்துச்சு. தீவு முழுக்க கரன்ட் போயிடுச்சு! குரங்கு மேல பழி போட்டுட்டு சிரிச்சுட்டோம். ஆனா லீவு நாள், தேவை கம்மி. வெயில் நல்லா அடிச்சதால சோலார் பங்கு அதிகம், சுத்துற இரும்பு கம்மி. சோலார் பேனல்ல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லையே! பஸ் லேசாயிடுச்சு, ஒரு குழியே போதுமா இருந்துச்சு. காத்தாலையும் சோலாரும் குவியற தமிழ்நாட்டுல, நாம வேலைக்குப் போற காலத்துல மண்டையை உடைக்கப் போற கேள்வி இதுதான். பேட்டரி, கடம்பாறை மாதிரி பம்ப் ஸ்டோரேஜ்... எதை வெச்சு இந்த பஸ்ஸுக்கு கனம் சேர்க்கப் போறோம்? கேம்பஸ் இன்டர்வியூவுக்கு மட்டும் தயாராகாம, இதுக்கும் கொஞ்சம் தயாராவோம் மக்களே.

ஐரோப்பாவுல வேற மாதிரி கூத்து. 2018 ஆரம்பத்துல செர்பியா - கொசோவோ தகராறுல கொஞ்சம் கரன்ட் கணக்குல வரலை. சராசரி ஃப்ரீக்வன்ஸி 49.996-க்கு இறங்குச்சு. வெறும் 0.004! ஆனா ஜனவரி நடுவுலேருந்து மார்ச் ஆரம்பம் வரை அது சேர்ந்துக்கிட்டே போய், இருபத்தஞ்சு நாட்டுல ஓவன் கடிகாரமும் அலாரமும் ஆறு நிமிஷம் லேட். சின்னத் தப்பு ஒரே பக்கமா நடந்துக்கிட்டே இருந்தா என்னாகும்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. அரியர் வெச்சிருக்கறவங்க குறிச்சுக்கங்க!

லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸ் 2005-லேருந்து இந்த லாக் எடுத்துட்டு வர்றாங்க. எந்த ஆடியோ ரெக்கார்டிங்லயும் பின்னணியில கரன்ட்டோட 'ம்ம்ம்...' ரீங்காரம் லேசா பதிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஏற்ற இறக்கத்தை லாகோட ஒப்பிட்டா எந்தத் தேதி, எந்த நேரம், நடுவுல வெட்டி ஒட்டியிருக்கானு சொல்லிடலாம். எந்த ஊர்னு மட்டும் சொல்றது கஷ்டம். கருணாபுரத்துலயும் கான்பூர்லயும் ஒரே அலைதானே!

50 எல்லாருக்கும்... 230 யாருக்கு?

என் புராஜெக்ட்டோட கடைசிப் பக்கத்துல நான் எழுதியிருக்கறது இதுதான். ஃப்ரீக்வன்ஸில எங்க தெருவுக்கும் டெல்லியில வி.ஐ.பி. ஏரியாவுக்கும் துளி வித்தியாசம் இல்லை. அவங்களுக்கு 50.02-னா எங்களுக்கும் 50.02. இந்த நாட்டுல இவ்வளவு சமமா பங்கு போடற பொருள் வேற எது இருக்கு?

வோல்டேஜ் அப்படி இல்லை. அது லோக்கல் சரக்கு. ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்து வீட்டுக்கு ஒரு அளவு, லைனோட கடைசி வீட்டுக்கு வேற அளவு. கம்பி நீளமாக நீளமாக, மோட்டார் கூடக் கூட, வழியிலயே வோல்ட் கரையும். எந்த ஊரா இருந்தாலும், மலைமேல இருக்கற குக்கிராமமா இருந்தாலும், நகரத்தோட ஓரத் தெருவா இருந்தாலும், லைனோட கடைசியில இருக்கறவங்களுக்குத்தான் அடி. மோட்டார் காயில் கருகறது பெரும்பாலும் இந்த வோல்டேஜ் பிரச்னையாலதான். 'கிரிட்லயே கரன்ட் டல்லா இருக்கு'னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கிரிட் டல்லா இருந்தா ஃப்ரீக்வன்ஸி காட்டிக்கொடுத்திருக்கும். 50 சரியா இருந்து 230 மட்டும் இறங்கியிருந்தா, சிக்கல் உங்க லைன்லயோ ட்ரான்ஸ்ஃபார்மர்லயோ இருக்கு. அதாவது, சரிபண்ணக்கூடிய தூரத்துல இருக்கு!

வீட்டு சப்ளையில அறிவிச்ச வோல்டேஜிலேருந்து 6 சதவிகிதத்துக்கு மேல விலகக்கூடாதுனு 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளே சொல்லிடுச்சு. அதனால லாகர்ல ரெண்டு காலம் வெச்சிருக்கேன். ஒண்ணு ஹெர்ட்ஸ், ஒண்ணு வோல்ட். தேதி, நேரத்தோட ஒரு வாரத்து பிரின்ட் அவுட் கையில இருந்தா, 'சார், அடிக்கடி டிம்மாகுது'ங்கற புகாருக்கும், 'சார், தினம் சாயங்காலம் 6 மணிலேருந்து 9 மணி வரைக்கும் இவ்வளவு வோல்ட்'ங்கற புகாருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். செக்ஷன் ஆபீஸ்லயும் கொடுக்கலாம், 94987 94987-ங்கற மின்னகம் நம்பருக்கும் சொல்லலாம்.

நீங்களும் அளக்கலாம்

* பிளக் பாயின்ட்டுல வயரை நேரடியா சொருகற வேலையே வேண்டாம். 9 வோல்ட் ஏ.சி. தர்ற மூடின அடாப்டரை மட்டும் பயன்படுத்துங்க. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் பார்க்காம எதையும் ஆன் பண்ணாதீங்க.

* அடாப்டரும் வேண்டாமா? பழைய ட்யூப்லைட் சோக் பக்கத்துல செல்போனை வெச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. அந்த ரீங்காரம் 100 ஹெர்ட்ஸ், கரன்ட்டைவிட ரெண்டு மடங்கு. ஏதாவது ஆடியோ சாஃப்ட்வேர்ல அளந்து ரெண்டால வகுங்க.

* கரன்ட் போனா லாகோட கடைசி வரியைப் பாருங்க. ஃப்ரீக்வன்ஸி நார்மலா இருந்தா தெருவுல மரக்கிளையோ ஃபியூஸோ. சரசரனு இறங்கியிருந்தா பெரிய விவகாரம்!

* ஹாஸ்டல்ல ஒண்ணு, சொந்த ஊர்ல ஒண்ணு வைங்க. 50 ஒரே கோடா வரும். 230 வராது. அந்த ரெண்டாவது கிராஃபை உங்க ஊருக்காகப் பத்திரமா வெச்சுக்கங்க.

(மாணவ நிருபர், மூன்றாம் ஆண்டு இ.இ.இ.)